பைபிள் படிக்கக் கம்ப்யூட்டர்: எதைத் தேர்ந்தெடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆராதனைக்கு முன்பு வேதபாட வகுப்பு. பெங்களூருவின் தமிழ்ச் சபைகளில் வாரந்தோறும் காணக்கூடிய காட்சிதான். ஆசிரியர் கையில் தமிழ் வேதாகமம். மாணவர்களில் பாதிப்பேர் கையில் ஆங்கில பைபிள். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் கன்னடமும்.

அன்றைய பாடம் யோவான் 21-ம் அதிகாரம். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் பேதுருவைத் தனியே விசாரிக்கிறார். தன்மேல் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்கிறார். மூன்று முறை மறுதலித்தவனுக்கு மூன்று முறை கேள்வி.

ஒரு மாணவி எழுந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "சார், தமிழில் முதல் இரண்டு கேள்வியிலும் 'அன்பாயிருப்பது' என்று வருகிறது. மூன்றாவது கேள்வியில் 'நேசிப்பது' என்று மாறிவிட்டது. என் ஆங்கில பைபிளில் மூன்று இடத்திலும் ஒரே சொல்தான் இருக்கிறது. எது சரி?"

ஆசிரியருக்குப் பதில் தெரியவில்லை. "அடுத்த வாரம் சொல்கிறேன், அம்மா" என்கிறார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார். பைபிள் ஆராய்ச்சிக்கு என்று எத்தனையோ சாப்ட்வேர்கள். சில இலவசம். சிலவற்றின் விலை ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஒன்றில் ஆயிரம் புத்தகம், இன்னொன்றில் ஐயாயிரம் புத்தகம் என்று விளம்பரம்.

அவருக்குத் தேவை ஆயிரம் புத்தகம் அல்ல. ஒரு மாணவியின் கேள்விக்கு நேர்மையான ஒரு பதில். அந்தப் பதிலுக்கு எந்தச் சாப்ட்வேர் வழிகாட்டுகிறதோ அதுதான் அவருக்கு ஏற்றது.

துறவிகள் தொடங்கிய வேலை

கம்ப்யூட்டர் செய்யும் இந்த வேலை புதியது அல்ல. 13-ம் நூற்றாண்டிலேயே பாரிஸ் நகரில் ஹியூ என்ற டொமினிக்கன் துறவியின் மேற்பார்வையில், லத்தீன் பைபிளில் எந்தச் சொல் எங்கே வருகிறது என்று துறவிகள் பலர் சேர்ந்து பட்டியல் எடுத்தார்கள். 'கான்கார்டன்ஸ்' என்று சொல்லப்படும் சொல்லடைவுக்கு அது முன்னோடி.

1737-ல் லண்டனில் அலெக்சாண்டர் குருடன் ஆங்கில பைபிளுக்குப் பெரிய சொல்லடைவு ஒன்றை வெளியிட்டார். 1890-ல் அமெரிக்கரான ஜேம்ஸ் ஸ்டிராங் ஒரு படி மேலே போனார். ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் எபிரேயச் சொல், கிரேக்கச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். எபிரேய எண்கள் 8,674 வரை போகின்றன. கிரேக்க எண்கள் 5,624 வரை. கிரேக்க எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர்களும் எண்ணைப் பிடித்துக்கொண்டு மூலச் சொல்லைத் தேடிப் போகலாம் என்ற வழி அன்று பிறந்தது.

1957-ல் ஜான் எல்லிசன் என்ற அமெரிக்கப் பாதிரியார் 'யூனிவாக்' கம்ப்யூட்டரைக் கொண்டு இன்னொரு ஆங்கிலப் பதிப்புக்குச் சொல்லடைவு தயாரித்து வெளியிட்டார். துறவிகளின் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

இன்றைய சாப்ட்வேர்களில் பெரும்பாலானவை ஸ்டிராங் போட்ட எண்களைத்தான் இன்றும் நம்பி நிற்கின்றன. பெயர் புதிது, படம் புதிது. அஸ்திவாரம் 1890-ல் போட்டது.

ஒரே சொல்லா, இரண்டு சொல்லா?

மாணவியின் கேள்விக்கு வருவோம். ஸ்டிராங் எண் இணைத்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிள் உள்ள எந்தச் சாப்ட்வேரிலும் யோவான் 21:15-ஐத் திறந்து, 'அன்பு' என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல்லை அழுத்தினால் எண் 25 தோன்றும். அது 'அகப்பாவோ' என்ற கிரேக்க வினைச்சொல். 17-ம் வசனத்தில் மூன்றாவது கேள்வியை அழுத்தினால் எண் 5368. அது 'பிலேயோ' என்ற வேறு வினைச்சொல்.

அதாவது, மூலத்தில் இயேசு முதல் இரண்டு முறை ஒரு சொல்லாலும், மூன்றாவது முறை வேறு சொல்லாலும் கேட்கிறார். பேதுரு மூன்று முறையும் இரண்டாவது சொல்லிலேயே பதில் சொல்கிறான். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பதிப்பு இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டது. தமிழில் பழைய மொழிபெயர்ப்பு இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறது. 1871-ல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்தது அது. பெங்களூருவில் பாட்டிமார் கையில் இருக்கும் தமிழ் வேதாகமம், பேத்திமார் கையில் இருக்கும் ஆங்கில பைபிளைவிட இந்த ஓர் இடத்தில் மூலத்துக்கு நெருங்கி நிற்கிறது!

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

இங்கேதான் ஆபத்து

ஆனால் ஆசிரியர் இத்துடன் கம்ப்யூட்டரை மூடிவிட்டால் ஒரு தவறான பாடம் உருவாகிவிடும். 'முதல் சொல் தெய்வீக அன்பு, இரண்டாவது சொல் வெறும் நட்பு. பேதுரு தாழ்ந்த அன்பைத்தான் கொடுக்க முடிந்தது' என்று மேடைகளில் அடிக்கடி கேட்கும் விளக்கத்தை அவரும் சொல்லிவிடுவார்.

அதே எண்களை யோவான் நற்செய்தி முழுவதும் தேடிப் பார்த்தால் கதை வேறு. பிதா குமாரனிடம் கொண்ட அன்பைச் சொல்ல 3:35-ல் முதல் சொல் வருகிறது. அதே அன்பைச் சொல்ல 5:20-ல் இரண்டாவது சொல் வருகிறது. இயேசுவுக்கு அன்பான சீஷனைக் குறிக்க 13:23-ல் முதல் சொல். 20:2-ல் இரண்டாவது சொல். மனிதர் இருளை விரும்பினார்கள் என்று சொல்லும் 3:19-ல் வருவதும் அந்த 'தெய்வீக' முதல் சொல்தான்!

இன்னும் ஒன்று. அதே 21-ம் அதிகாரத்தில் ஆடுகளை மேய்ப்பதற்கும் கிரேக்கத்தில் இரண்டு வினைகள் மாறி மாறி வருகின்றன. தமிழில் இரண்டுக்கும் 'மேய்ப்பது' என்ற ஒரே வினைதான். ஒரே பொருளை வெவ்வேறு சொல்லால் மாற்றிச் சொல்வது இந்த நூலாசிரியரின் வழக்கம் என்று அறிஞர் பலர் கருதுவதற்கு இதுதான் காரணம். வேறுபாடு உண்டு என்று எழுதிய விளக்கவுரையாளர்களும் இருக்கிறார்கள். நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் என்ற ஆங்கிலப் பதிப்பு, 1984 பதிப்பு வரை முதல் இரண்டு கேள்விகளில் 'உண்மையாகவே' என்ற பொருள் தரும் ஒரு சொல்லைச் சேர்த்து வேறுபாடு காட்டியது. 2011 பதிப்பில் அந்தச் சொல் எடுக்கப்பட்டுவிட்டது. மொழிபெயர்ப்பாளர்களே யோசனையை மாற்றிக்கொண்ட இடம் இது.

எண் ஒரு சொல்லைக் காட்டும். அதன் பொருளை, வந்த இடம்தான் காட்டும். ஆகவே நல்ல சாப்ட்வேருக்கு முதல் அடையாளம், ஒரு சொல்லின் அர்த்தத்தைக் கொடுப்பதோடு நில்லாமல், அந்தச் சொல் வரும் எல்லா வசனங்களையும் வரிசையாக எடுத்து முன்னால் வைப்பது. வாசிப்பவரை வசனத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

எது எதற்கு?

இன்று கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, வாசிக்கவும் கேட்கவும். 2008-ல் வந்த யூவெர்ஷன் செல்போன் செயலி இதற்கு உதாரணம். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் அதில் உண்டு. தினமும் வாசிப்பவர்களுக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கும் நல்லது. கிரேக்கச் சொல்லைத் துருவுவதற்காக உருவானது அல்ல.

இரண்டாவது வகை, இலவச ஆராய்ச்சிக் கருவிகள். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு 2000-ல் வந்த இ-ஸ்வோர்ட், ஆண்ட்ராய்டு செல்போனுக்கு ஆண்ட்பைபிள், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரின் டிண்டேல் ஹவுஸ் தரும் ஸ்டெப் பைபிள் ஆகியவை இந்த வகை. மேலே சொன்ன யோவான் 21 வேலையை இவற்றில் செய்து முடித்துவிடலாம். வேதபாட ஆசிரியர்களில் பெரும்பாலோருக்கு இந்த வகையே போதும் என்பதில் சந்தேகமில்லை.

மூன்றாவது வகை, விலை கொடுத்து வாங்கும் நூலகங்கள். 1992-ல் தொடங்கிய லோகோஸ் இதில் பெரியது. விளக்கவுரைகளும் அகராதிகளும் வசனத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். 2024 முதல் அதில் சந்தா முறை வந்திருக்கிறது. வாரந்தோறும் பிரசங்கம் தயாரிக்கும் ஆயர்களுக்குப் பயன் அதிகம்.

நான்காவது வகை, மூலமொழி தெரிந்தவர்களுக்கு. 1994-ல் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காகப் பிறந்து, பிறகு விண்டோசுக்கும் வந்த அக்கார்டன்ஸ் இந்தத் துறையில் பெயர் பெற்றது. ஒரு வினைச்சொல்லின் காலம், இடம், எண் எல்லாவற்றையும் வைத்துத் தேடலாம். கிரேக்க இலக்கணம் படிக்காதவர் இதை வாங்குவது, ஓட்டத் தெரியாதவர் லாரி வாங்குவது போல.

இலவசமாகக் கிடைக்கும் விளக்கவுரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை இலவசமாக இருப்பதற்குக் காரணம், காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதுதான். எங்கும் கிடைக்கும் மேத்யூ ஹென்றியின் ஆசிரியர் 1714-லேயே காலமாகிவிட்டார். பக்திக்கு அவர் எழுத்து இன்றும் விருந்து. ஆனால் சவக்கடல் அருகே குகைகளில் பழைய சுருள்கள் கிடைக்கத் தொடங்கியது 1947-ல். அதற்கு முன் எழுதியவர்களிடம் அந்தச் செய்தியை எதிர்பார்க்க முடியாது.

தமிழில் தேடும்போது...

ஆங்கிலத்துக்கென்று செய்த சாப்ட்வேர்கள் தமிழில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அது தேடல்.

தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்கும்போது உருமாறும். 'அன்பு' என்று முழுச்சொல்லாகத் தேடினால் 'அன்பாய்', 'அன்பின்', 'அன்பான' எதுவும் அகப்படாது. கடைசி உகரத்தை எடுத்துவிட்டு, 'அன்ப' என்று சொல்லின் பகுதியாகத் தேடினால் எல்லாம் வரும். 'ஆடு' என்று தேடினால் 'ஆட்டுக்குட்டி' வராது. 'ஆட்டு' என்று தனியே தேட வேண்டும். 'வெள்ளாடு' இரண்டிலும் சிக்காது. புணர்ச்சியில் ஆகாரம் முன்னுள்ள மெய்யோடு சேர்ந்துவிடுகிறதே!

ஆகவே, சொல்லின் பகுதியைக் கொண்டு தேட இடம் கொடுக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 'இந்தச் சொல் பைபிளில் இத்தனை தடவைதான் வருகிறது' என்று தமிழ்த் தேடலை நம்பி வகுப்பில் அடித்துச் சொல்லிவிடக் கூடாது.

பெயர்களிலும் குழப்பம் வரும். பழைய மொழிபெயர்ப்பில் 'ஆதியாகமம்' என்பது, 1995-ல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் 'தொடக்கநூல்'. 'யாத்திராகமம்' அங்கே 'விடுதலைப் பயணம்'. கத்தோலிக்க பைபிளில் 73 நூல்கள். புராட்டஸ்டன்ட் பைபிளில் 66. சபையில் எதை வாசிக்கிறார்களோ அது சாப்ட்வேரில் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். அதிகார எண்ணும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. மல்கியா எபிரேய மூலத்தில் 3 அதிகாரம். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பில் 4 அதிகாரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது சாப்ட்வேர் தானே சரிசெய்துகொள்ள வேண்டும்.

தமிழ் வாசகம் யார் வெளியிட்டது, உரிமையாளரின் அனுமதி பெற்றதா என்பதையும் கவனிக்க வேண்டும். இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமை அலுவலகம் பெங்களூரு மகாத்மா காந்தி சாலையிலேயே இருக்கிறது. அச்சிட்ட பைபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து வசனங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் எழுத்துப் பிழைகள் தெரிந்துவிடும். எழுத்துரு யூனிகோடு முறையில் இருப்பது அவசியம். பழைய எழுத்துரு என்றால், வசனத்தை எடுத்துப் பாடத்தாளில் ஒட்டும்போது புரியாத குறிகளாக மாறி நிற்கும்.

பணமும் குறிப்பும்

இனி மனதைத் தொடும் விஷயம். பைபிள்வொர்க்ஸ் என்ற சாப்ட்வேர் 1992-ல் வந்தது. மூலமொழி படிப்பவர்கள் பலருடைய மேஜையில் அது இருந்தது. 2018 ஜூன் மாதம் அந்த நிறுவனம் மூடப்பட்டது. வாங்கியவர்களின் கம்ப்யூட்டரில் அது மறுநாளே நின்றுவிடவில்லை. ஆனால் புதிய பதிப்பு இனி கிடையாது. 2020-ல் வேர்டுசர்ச் என்ற இன்னொரு சாப்ட்வேர் லோகோஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது.

கம்ப்யூட்டரில் வாங்கும் புத்தகம், அலமாரியில் இருக்கும் புத்தகத்தைப் போன்றது அல்ல. பெரும்பாலும் வாங்குவது படிக்கும் உரிமை மட்டுமே. அந்த உரிமையை மகனுக்கோ சபை நூலகத்துக்கோ கொடுக்க முடியுமா, சந்தா நின்றால் எது மிஞ்சும் என்பதைப் பணம் கட்டும் முன்பே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புத்தகம் போனால் வேறு வாங்கலாம். பத்து வருடமாக ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் ஆசிரியர் எழுதிவைத்த குறிப்புகள் போனால்? அவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. குறிப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்துவைக்க வசதி இல்லாத சாப்ட்வேர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வேண்டாம். வசதி இருந்தாலும், மாதம் ஒரு முறை பிரதி எடுத்து வேறு இடத்தில் பத்திரப்படுத்துவது நல்லது.

வகுப்பில் என்ன வேண்டும்?

தனியாகப் படிப்பதற்கு வேண்டியது வேறு, வகுப்புக்கு வேண்டியது வேறு. இதை மறந்துதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

வகுப்பில் ஆசிரியருக்கு அகராதி தேவையில்லை. தமிழும் ஆங்கிலமும் கன்னடமும் ஒரே திரையில் வசனத்துக்கு வசனம் நேராக நிற்க வேண்டும். பின்வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்படி எழுத்தைப் பெரிதாக்க முடிய வேண்டும். கலிலேயா எங்கே, எருசலேம் எங்கே என்று காட்ட ஒரு வரைபடம் வேண்டும். நெட் இல்லாவிட்டாலும் இயங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரைப் பக்கப் பாடத்தாளை அச்சடிக்க வசனத்தை ஒழுங்காக எடுத்துக்கொடுக்க வேண்டும்.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித்தரும் செயற்கை அறிவுச் செயலிகளும் இப்போது வந்துவிட்டன. பாடத்துக்குக் கேள்விகள் தயாரிக்க அவை உதவும். ஆனால் இல்லாத வசனத்தையும் இருப்பதுபோல் சொல்லும் குறை அவற்றுக்கு உண்டு. அவை சொல்லும் ஒவ்வொரு வசன எண்ணையும் பைபிளைத் திறந்து சரிபார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது.

நான்கு வாரச் சோதனை

விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. முதலில், வகுப்பில் பதில் சொல்ல முடியாமல்போன மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் வாரம் ஓர் இலவசச் சாப்ட்வேரில் அவற்றுக்கு விடை தேட வேண்டும். இரண்டாம் வாரம் இன்னொன்றில். மூன்றாம் வாரம், எது எளிதாக இருந்ததோ அதில் ஒரு முழுப் பாடத்தைத் தயாரித்து நடத்திப் பார்க்க வேண்டும். நான்காம் வாரம், எழுதிய குறிப்பை வெளியே எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும்.

நான்கு வாரம் முடிந்தபின்பும் 'இது கிடைக்கவில்லையே' என்று ஏதாவது மிஞ்சினால், அதற்காக மட்டும் பணம் செலவழிக்கலாம். மிஞ்சவில்லை என்றால் பணப்பையை மூடிவிடலாம்.

அடுத்த ஞாயிறு

மறு வாரம் வகுப்பு கூடுகிறது. ஆசிரியர் சொல்லப்போவது இதுதான்: "நீ கவனித்தது சரி, அம்மா. மூலத்தில் இரண்டு சொல் இருக்கிறது. தமிழ் அதைக் காட்டுகிறது; உன் ஆங்கில பைபிள் காட்டவில்லை. ஆனால் இரண்டுக்கும் பொருளில் பெரிய வித்தியாசம் உண்டா என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. இதோ ஆறு வசனங்கள். நாமே வாசித்துப் பார்ப்போம்."

ஆறு வசனங்களும் ஒரு தாளில், மூன்று மொழிகளில் அச்சாகியிருக்கின்றன. பிள்ளைகள் குனிந்து வாசிக்கத் தொடங்குகிறார்கள். தமிழ் எழுத்துத் தடுமாறும் பையனுக்கு, பக்கத்தில் இருக்கும் அந்த மாணவி விரல் வைத்துக் காட்டுகிறாள்.

கம்ப்யூட்டர் வீட்டில் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் வேலை சனிக்கிழமை இரவே முடிந்துவிட்டது.